ஒரே போர், ரெண்டு ரிப்போர்ட், எந்த லேப் தப்பு?

முதல்ல கேள்விய சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. வீட்டு போர்வெல் தண்ணிய ஒரு மாச இடைவெளியில ரெண்டு லேபுக்கு குடுத்திருக்கீங்க. முதல் ரிப்போர்ட்ல பிஎச் 6.8, கண்டக்டிவிட்டி 1180, இரும்பு 2.4, நைட்ரேட் 40, கோலிஃபார்ம்ங்கற பாக்டீரியா இல்ல. ரெண்டாவதுல பிஎச் 7.7, கண்டக்டிவிட்டி 1140, இரும்பு 0.1, நைட்ரேட் 9, கோலிஃபார்ம் இருக்கு. முதல் தடவ பத்து நாள் வெளியூர் போயிட்டு வந்து மோட்டார் போட்ட உடனே பைப் வாய்ல பிடிச்சிருக்கீங்க, ரெண்டாவது தடவ மேல டேங்க்லேர்ந்து வர்ற கிச்சன் குழாய்ல ஒரு பழைய குளிர்பான பாட்டில்ல பிடிச்சிருக்கீங்க. எந்த லேப் பொய் சொல்லுது, இனிமே எத்தன மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. எனக்கு இதுல ரெண்டு லேபும் பொய் சொன்ன மாதிரி தெரியல. ரெண்டு தடவையும் பாட்டிலுக்குள்ள போனது பூமிக்கடியில இருக்குற தண்ணி கிடையாது, அதுதான் விஷயம். ஆக நீங்க நிஜமா கேட்கறது, கிணத்து தண்ணிய அது கீழ இருக்குற மாதிரியே எப்படி பாட்டில்ல பிடிக்கறது, பிடிச்சதுக்கப்புறம் அது மாறுதா இல்லையான்னு எப்படி கவனிக்கறதுங்கறது தான்.

நான் பதினெட்டு வருஷமா கிணறு கிணறா போயி சாம்பிள் எடுக்கற வேலைல இருக்கேன். லேப்ல உக்காந்து மிஷின் ஓட்டற ஆளும் இல்ல, டாக்டரும் இல்ல, அதனால அந்த ரெண்டு பக்கமும் ரொம்ப தூரம் போக மாட்டேன்.

எப்பவுமே நான் ரிப்போர்ட்ல முதல்ல பாக்கறது கண்டக்டிவிட்டிய தான். தண்ணில கரைஞ்ச உப்பு எல்லாம் சேந்து கரண்ட்ட எவ்வளவு கடத்துதுங்கற கணக்கு அது, அளக்கறது சுலபம், பாட்டில்ல கொஞ்ச நாள் கிடந்தாலும் பெருசா மாறாது. உங்களுக்கு 1180, 1140. வித்தியாசம் முழுசா 4 பர்சன்ட் கூட ஆகல. டெம்பரேச்சர் ஒரு டிகிரி மாறினாலே கண்டக்டிவிட்டி ஏறக்குறைய 2 பர்சன்ட் மாறும், அதனால தான் எல்லா ரீடிங்கையும் 25 டிகிரிக்கு மாத்தி எழுதுவாங்க, அந்த திருத்தத்துலயே இந்த வித்தியாசம் அடங்கிடும். அப்போ அடிப்படைல ரெண்டும் ஒரே தண்ணி. இத வச்சுகிட்டு மத்ததுக்கு போவோம்.

நைட்ரேட் 40, 9. இதுதான் பாக்க ரொம்ப பயமா இருக்கும், ஆனா இருக்கறதுலயே லேசான முடிச்சு இதுதான். நைட்ரேட்ட ரெண்டு விதமா எழுதுவாங்க. முழு நைட்ரேட்டா எழுதலாம், இல்லன்னா அதுல இருக்குற நைட்ரஜன் மட்டும் எவ்வளவுன்னு எழுதலாம். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு போக 4.43 ஆல பெருக்கணும் இல்ல வகுக்கணும். 40ஐ 4.43 ஆல வகுத்து பாருங்க, 9.03 வருது. இவ்வளவு கச்சிதமா தற்செயலா வரும்னு நான் நம்ப மாட்டேன், ஆனாலும் ரிப்போர்ட்ல அலகு பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம அடிச்சு சொல்லவும் மாட்டேன். அளவுகோலும் இதே மாதிரி ரெண்டா இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது லிட்டருக்கு நைட்ரேட்டா 50 மில்லிகிராம், அமெரிக்காவுல சட்டமே நைட்ரஜனா 10 மில்லிகிராம். நைட்ரஜன் கணக்குல வந்த 9ஐ 50ஓட ஒப்பிட்டு "அடேயப்பா எவ்வளவு கம்மி"ன்னு சந்தோஷப்பட்டவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். நிஜத்துல அது எல்லைக்கு ரொம்ப கிட்ட.

இப்போ இரும்பு. 2.4 எங்க, 0.1 எங்க. இங்க தான் எனக்கு உண்மையான சுவாரஸ்யம். பத்து நாள் மோட்டார் ஓடலன்னா போருக்குள்ள நிக்கற தண்ணி அந்த பத்து நாளும் கேசிங்கோடயும் (போர் சுவர் சரியாம இறக்கற குழாய்) பைப்போடயும் ஒட்டிகிட்டு கிடந்திருக்கு. இரும்பு கேசிங்கா இருந்தா துரு, பைப் உள்பக்கம் படிஞ்ச செதில், அடியில தங்கின வண்டல், எல்லாம் மோட்டார் போட்ட முதல் ரெண்டு நிமிஷத்துல கலங்கி மேல வரும். அதை பிடிச்சு, லேப்ல ஆசிட் விட்டு பாத்தா அந்த துகள் எல்லாம் கரைஞ்சு இரும்பு கணக்குல ஏறிடும். இன்னொரு காரணமும் இருக்கு எனக்கு அந்த 2.4 மேல சந்தேகம் வர. கரைஞ்ச இரும்பு தண்ணில நிக்கணும்னா கீழ ஆக்ஸிஜன் இருக்க கூடாது, நைட்ரேட்டும் கிட்டத்தட்ட தீந்து போயிருக்கணும், ஏன்னா ஆக்ஸிஜன் தீந்ததும் நுண்ணுயிர்ங்க அடுத்து கை வைக்கறது நைட்ரேட் மேல தான், அதெல்லாம் முடிஞ்சு தான் மண்ணுல இருக்குற இரும்பு கரைய ஆரம்பிக்கும். நைட்ரேட் 40 இருக்குற தண்ணில கரைஞ்ச இரும்பு 2.4 இருக்குன்னா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சண்டையில்லாம இருக்காங்கன்னு சொல்ற மாதிரி. அது நடக்கவே நடக்காதுன்னு இல்ல, உங்க போர் ரெண்டு வெவ்வேற ஆழத்துலேர்ந்து தண்ணி வாங்குச்சுன்னா, மேல் ஊத்துல நைட்ரேட்டும் கீழ் ஊத்துல இரும்பும் போருக்குள்ள வந்து கலக்கலாம். துருவா, கலப்பாங்கறத இங்க உக்காந்து சொல்ல முடியாது, சரியா எடுத்த சாம்பிள் ஒண்ணு வேணும், அதுல வடிகட்டி ஒண்ணு வடிகட்டாம ஒண்ணுன்னு ரெண்டு பாட்டில் எடுத்தா தெரிஞ்சிடும்.

ரெண்டாவது சாம்பிள்ல இரும்பு காணாம போனது டேங்க்ல. பிஎச் 6.8லேர்ந்து 7.7க்கு ஏறினதும் டேங்க் கதை தான். பூமிக்கடியில தண்ணில கரியமில வாயு நிறைய கரைஞ்சிருக்கும், மேல வந்து டேங்க்ல விழுந்து தெறிச்சு நிக்கும்போது அந்த வாயு வெளிய போகும், போனா பிஎச் ஏறும். கூடவே காத்துல இருக்குற ஆக்ஸிஜன் உள்ள போகும், கரைஞ்ச இரும்பு இருந்தா அது துருவாகி அடியில படியும், துகளா வந்த இரும்பும் அங்கயே தங்கிடும். அதனால பிஎச்சை லேப் ரிப்போர்ட்ல பாத்து நம்பறதே எனக்கு பிடிக்காது, அது கிணத்தோரத்துலயே, தண்ணி ஓடிட்டு இருக்கும்போதே அளக்க வேண்டிய விஷயம். டெம்பரேச்சர், கரைஞ்ச ஆக்ஸிஜன் எல்லாம் கூட அப்படித்தான், பாட்டில் மூடி திறந்து லேப்ல அளக்கறதுக்குள்ள அதுங்க எல்லாம் வேற ஆளா மாறியிருக்கும்.

கோலிஃபார்ம் பத்தி கொஞ்சம் நிதானமா. ரெண்டாவது சாம்பிள்ல இருக்குன்னு வந்தது கிணத்துலேர்ந்து வந்திருக்கலாம், டேங்க்லேர்ந்து வந்திருக்கலாம், கிச்சன் குழாய் வாயில இருக்குற வலையிலேர்ந்து வந்திருக்கலாம், அந்த குளிர்பான பாட்டில்லேர்ந்தும் வந்திருக்கலாம். நாலுல எதுன்னு அந்த ரிப்போர்ட்ட வச்சு யாராலயும் சொல்ல முடியாது. கிருமி நீக்கின பாட்டில் இல்லாம எடுத்த சாம்பிள்ல பாக்டீரியா டெஸ்ட் பண்ணிக்குடுத்ததே லேப் செஞ்ச ஒரே தப்பு, திருப்பி அனுப்பியிருக்கணும். அப்புறம் மொத்த கோலிஃபார்மும் ஈ கோலையும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னது மண்ணுலயும் செடியிலயும் கூட இருக்கும், ஈ கோலை இருந்தா மனுஷன் இல்ல மிருகத்தோட மலம் சமீபத்துல கலந்திருக்குன்னு அர்த்தம், 100 மில்லில ஒண்ணு கூட இருக்க கூடாது. உங்க ரிப்போர்ட்ல எது இருக்குன்னு பாருங்க. அதே சமயம் முதல் ரிப்போர்ட்ல இல்லன்னு வந்ததையும் பிடிச்சுக்காதீங்க, ஒரு தடவ இல்லன்னு வந்தா அந்த நேரத்துல அந்த 100 மில்லில இல்ல, அவ்வளவுதான். கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர், 2000 மே மாசம் பலத்த மழைக்கப்புறம் ஆழம் கம்மியான ஒரு கிணத்துக்குள்ள பக்கத்து பண்ணை சாணத்துலேர்ந்து ஈ கோலை இறங்கி 7 பேர் செத்தாங்க, 2300 பேருக்கு மேல உடம்புக்கு முடியாம போச்சு. அங்க குளோரின் ரீடிங்க அளக்காமயே ரெஜிஸ்டர்ல எழுதிட்டு இருந்தது விசாரணைல வெளிய வந்துச்சு. மழைக்கு முன்னாடி எடுத்த சுத்தமான ரிப்போர்ட் மழைக்கப்புறம் செல்லாதுங்கறதுக்கு இதுக்கு மேல உதாரணம் தேட வேண்டாம்.

சரி, எப்படி எடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க, உங்களுக்கு தெரிய வேண்டியது நீங்க குடிக்கற தண்ணியா, பூமில இருக்குற தண்ணியா. குடிக்கறதுன்னா கிச்சன் குழாய்ல பிடிக்கறது தான் சரி, வடிகட்ட கூடாது, துருவோட சேத்து தான நீங்க குடிக்கறீங்க. பூமி தண்ணி வேணும்னா டேங்க், ஃபில்டர், சாஃப்ட்னர் எதுக்கும் போறதுக்கு முன்னாடி மோட்டாருக்கு ரொம்ப கிட்ட இருக்குற குழாய்ல எடுக்கணும், போருக்குள்ள தேங்கி நின்ன தண்ணிய வெளிய தள்ளிட்டு எடுக்கணும். நாங்க இத பர்ஜ் பண்றதுன்னு சொல்வோம். பழைய விதி, உள்ள நிக்கற தண்ணியோட மூணு மடங்கு வெளிய போகணும். 6 இன்ச் போர்ல ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 18 லிட்டர் நிக்கும். 40 மீட்டர் தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கோங்க, 720 லிட்டர், மூணு மடங்குன்னா 2160, உங்க மோட்டார் நிமிஷத்துக்கு 40 லிட்டர் தள்ளுச்சுன்னா 54 நிமிஷம் ஓடணும். ரெண்டு நிமிஷம் விட்டுட்டு பிடிக்கறது எவ்வளவு பத்தாதுன்னு இப்போ தெரியும்.

ஆனா இந்த மூணு மடங்குங்கறது ஒரு குத்துமதிப்பு தான், அதை வேதவாக்கா எடுக்காதீங்க. மோட்டார் அடி ஆழத்துல தொங்குச்சுன்னா பக்கவாட்டு ஊத்து தண்ணிய தான் இழுக்கும், அதுக்கு மேல நிக்கற தண்ணி அப்படியே நின்னுட்டு இருக்கும், அதனால லிட்டர் கணக்க விட ரீடிங் நிலைச்சு நிக்கறது தான் நம்பகமான அடையாளம். ஓடற தண்ணில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டெம்பரேச்சர், பிஎச், கண்டக்டிவிட்டி அளந்து எழுதிட்டே வாங்க. தொடர்ந்து மூணு தடவ பிஎச் 0.1க்குள்ளயும் கண்டக்டிவிட்டி 3 பர்சன்ட்டுக்குள்ளயும் நின்னா இப்போ தான் உள்ளேர்ந்து புது தண்ணி வருதுன்னு அர்த்தம். கண்காணிப்புக்குன்னே போடற சின்ன கிணறுகள்ல இன்னொரு முறை இருக்கு, 1990கள்ல அமெரிக்க சுற்றுச்சூழல் துறை வழியா பரவினது, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 500 மில்லி மட்டும் மெதுவா இழுத்து, தண்ணி மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல இறங்காம பாத்துகிட்டு இதே மாதிரி ரீடிங் நிலைக்கற வரைக்கும் ஓட்டறது. வண்டல் கிளம்பாது, கொட்டற தண்ணியும் கம்மி. வீட்டு மோட்டார்ல அது முடியாது, அத விட்டுடுங்க. ஊத்து ரொம்ப கம்மியான போர்னா மூணு மடங்குக்கு முன்னாடியே காத்து வாங்கிடும், அப்போ ஒரு தடவ காலி பண்ணிட்டு மறுபடி ஊறினதும் ஒரு நாளைக்குள்ள எடுத்துடணும்.

திறந்த கிணறு வச்சிருக்கவங்களும் இத படிப்பாங்க, அவங்களுக்காக. 3 மீட்டர் விட்டம், 5 மீட்டர் தண்ணின்னாலே 35,000 லிட்டர் நிக்குது, அத மூணு தடவ யார் இறைக்கறது. தினமும் இறைக்கற கிணறா இருந்தா தண்ணி தானா மாறிட்டே இருக்கும், இறைக்கும்போதே எடுத்துடலாம். பயன்படுத்தாத கிணறுன்னா மேல் தண்ணில வெயில், இலை, பாசி, நேத்து பெஞ்ச மழை எல்லாம் கலந்து தான் இருக்கும், அது அந்த கிணத்தோட தண்ணி, பூமியோட தண்ணி இல்ல. வாளிய மேலாக்க முக்கி எடுக்காம, பாட்டில்ல எடை கட்டி ஒரு அடிக்கு மேல ஆழத்துல இறக்கி, செவுத்துல உரசாம எடுங்க, அடியில இடிச்சு சேறு கிளப்பாதீங்க.

பாட்டில் விஷயத்துல தான் பாதி சாம்பிள் கெட்டு போகுது. போர்லேர்ந்து கரைஞ்ச இரும்பு உள்ள தண்ணிய ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வச்சு பாருங்க, வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல லேசா மஞ்சள் மூட்டம் போடும், அப்புறம் மேல ஒரு பளபளப்பான ஏடு, மறுநாள் காலைல அடியில செம்மண் கலர்ல படிவு, மேல தண்ணி மறுபடி தெளிவா நிக்கும். இதே தான் பாட்டிலுக்குள்ளயும் நடக்குது. அந்த துரு படியும்போது தனியா போகாது, தண்ணில ஆர்செனிக்ங்கற விஷம் இருந்தா அதையும் ஒட்டிகிட்டு கீழ போகும். லேப்ல மேல இருக்குற தெளிஞ்ச தண்ணிய ஊத்தி அளந்தா இரும்பும் கம்மி, ஆர்செனிக்கும் கம்மி, ரிப்போர்ட் பிரமாதம். இத தடுக்க தான் உலோகங்களுக்கு எடுக்கற பாட்டில்ல எடுத்த இடத்துலயே நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச்ச 2க்கு கீழ கொண்டு வந்துடணும், கரைஞ்சது மட்டும் வேணும்னா ஆசிட் விடறதுக்கு முன்னாடி 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டணும். வரிசை மாறினா போச்சு, ஆசிட் விட்டுட்டு வடிகட்டினா துகள் எல்லாம் கரைஞ்சு உள்ள வந்துடும்.

அந்த ஆசிட் பாட்டில்ல நைட்ரேட் பாக்காதீங்க. வேலைக்கு சேந்த புதுசுல நான் இத செஞ்சேன், பாட்டில் பத்தலன்னு ஒரே பாட்டில்லேர்ந்து எல்லாத்தையும் பாக்க சொல்லி அனுப்பிட்டேன், நைட்ரேட் ரெண்டாயிரத்த ஒட்டி வந்துச்சு, ஏதோ உர குடோனே கிணத்துல விழுந்துடுச்சுன்னு ரெண்டு நாள் ஓடினோம். லிட்டருக்கு 2 மில்லி அடர் நைட்ரிக் ஆசிட் விட்டா அதுலேர்ந்தே கிட்டத்தட்ட 2000 மில்லிகிராம் நைட்ரேட் வந்துடும்னு அப்புறம் தான் கணக்கு போட்டு பாத்தோம், சீனியர் ஒரு வாரம் என்ன பேரு சொல்லி கூப்பிடல, உரக்கடைன்னு தான் கூப்பிட்டார். ஆக உலோகத்துக்கு ஒரு பாட்டில், நைட்ரேட் குளோரைடு ஃப்ளோரைடு மாதிரி மத்ததுக்கு ஆசிட் இல்லாம ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பாக்டீரியாவுக்கு லேப் தர்ற கிருமி நீக்கின பாட்டில், மூணும் தனித்தனி. ஆசிட் லேபே அளந்து போட்டு தந்துடும், நீங்க கையில தொட வேண்டாம், அந்த பாட்டிலயும் பாக்டீரியா பாட்டிலயும் அலச கூடாது. மத்தத அதே தண்ணில மூணு தடவ அலசி விளிம்பு வரைக்கும் நிரப்புங்க. பாக்டீரியா பாட்டில்ல மட்டும் குலுக்க கொஞ்சம் இடம் விடணும். பெட்ரோல், கரைப்பான் மாதிரி ஆவியாகற சமாச்சாரம்னா நேர் எதிர், சின்ன கண்ணாடி குப்பில ஒரு காத்து குமிழி கூட நிக்க கூடாது, அதை தான் முதல்ல எடுக்கணும்.

பாக்டீரியாவுக்கு எடுக்கும்போது குழாய் வாயில வலை இருந்தா கழட்டுங்க, வாய ஆல்கஹால்ல துடைங்க, ஒரு நிமிஷம் ஓட விடுங்க, மூடிய கீழ வைக்காம கையிலயே கவுத்து பிடிச்சுக்கோங்க, உள்பக்கம் விரல் பட கூடாது. பாட்டில் உள்ள வெள்ளையா ஒரு பொடி இருக்கும், கொட்டிடாதீங்க, தண்ணில குளோரின் மிச்சம் இருந்தா முறிக்க போட்ட தயோசல்ஃபேட் அது. போருக்கு குளோரின் போட்டு ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகலன்னா சாம்பிளே எடுக்காதீங்க, நல்லதா தான் வரும், அதுல அர்த்தம் இல்ல. எல்லா பாட்டிலயும் ஐஸ் பேக்கோட பெட்டில வச்சு அன்னிக்கே குடுத்துடுங்க, பாக்டீரியா 6 மணி நேரத்துக்குள்ள போனா உத்தமம், ஒரு நாளைக்கு மேல போனா வேண்டாம், நைட்ரேட்டுக்கு 48 மணி நேரம், ஆசிட் போட்ட உலோக பாட்டில் 6 மாசம் கூட தாங்கும். லேபிள பிடிக்கறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடுங்க, ஈர பாட்டில்ல எழுத்து நிக்காது.

அடுத்தது எத டெஸ்ட் பண்ண சொல்றதுங்கறது. லேப் நீங்க கேட்டத தான் பாக்கும், கேட்காதத பத்தி வாய திறக்காது. பங்களாதேஷ்ல குளம் குட்டை தண்ணியால வயித்துப்போக்கு வருதுன்னு லட்சக்கணக்குல கைபம்பு போட்டாங்க, நல்ல எண்ணம் தான். 1992ல பிரிட்டிஷ் புவியியல் நிறுவனம் அங்க கொஞ்சம் கிணத்து தண்ணிய ஆராய்ச்சி பண்ணி ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல ஆர்செனிக் பாக்கவே இல்ல. அடுத்த வருஷம் 1993ல தான் அங்க கிணத்துல ஆர்செனிக் இருக்கறது உறுதியாச்சு. அப்புறம் 1998, 99ல 3534 கிணறுகள்ல முறையா பாத்தப்போ, 150 மீட்டருக்கு கம்மியான ஆழத்துல இருந்த கிணறுகள்ல 46 பர்சன்ட் உலக சுகாதார நிறுவனத்தோட 10 மைக்ரோகிராம் எல்லைய தாண்டியிருந்துச்சு. அந்த பழைய ரிப்போர்ட்ட நம்பி பாதிக்கப்பட்டோம்னு இங்கிலாந்துல வழக்கு கூட போட்டாங்க, 2006ல, அப்போ அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை அத தள்ளுபடி பண்ணிடுச்சு. சட்டப்படி அது சரியா தப்பான்னு நான் பேசல, ஆனா ரிப்போர்ட்ல ஒரு பேர் இல்லன்னா அது தண்ணிலயும் இல்லன்னு படிக்கறவங்க எவ்வளவு சுலபமா நினைச்சுக்கறாங்க பாருங்க. உங்க ரெண்டு ரிப்போர்ட்லயும் ஆர்செனிக்கும் இல்ல ஃப்ளோரைடும் இல்ல. ரெண்டும் பாறைலேர்ந்தும் மண்ணுலேர்ந்தும் இயற்கையா வர்றது, நிறம் ருசி வாசனை எதுவும் காட்டாது, பக்கத்து வீட்டு போர்ல இல்லங்கறது உங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த தடவ ஒரு முறையாவது கேட்டு வாங்கிடுங்க, ஃப்ளோரைடுக்கு எல்லை 1.5 மில்லிகிராம்.

ரிப்போர்ட் வந்ததும் வீட்டுலயே பண்ணக்கூடிய ஒரு சோதனை இருக்கு. கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் இன்னொரு பக்கம், ஒவ்வொண்ணையும் அதோட சமான எடையால (அதோட அணு அல்லது மூலக்கூறு எடைய சார்ஜால வகுத்தா வர்றது) வகுத்து கூட்டினா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வரணும், தண்ணில பாசிட்டிவ் சார்ஜும் நெகட்டிவ் சார்ஜும் சமமா தான இருக்கணும். வித்தியாசத்த மொத்தத்தால வகுத்தா 5 பர்சன்ட்டுக்குள்ள இருந்தா சரி. உங்க முதல் ரிப்போர்ட்ட போட்டு பாத்தேன், ஒரு பக்கம் 11.8, இன்னொரு பக்கம் 11.9, கண்டக்டிவிட்டி 1180ஐ நூறால வகுத்தாலும் 11.8, அழகா பொருந்துது, இந்த லேப் மேல எனக்கு மரியாதை வந்துடுச்சு. ஆனா எல்லா ரிப்போர்ட்லயும் அட்சரசுத்தமா பூஜ்யம் வித்தியாசம் வந்தா அப்போ தான் சந்தேகப்படணும், சில இடத்துல சோடியத்த அளக்காமயே மிச்சக்கணக்குல போட்டு விடுவாங்க. இன்னொண்ணு, இந்த சோதனை பெரிய அளவுல இருக்கறதுக்கு தான் உதவும். நைட்ரேட் 40க்கு பதிலா 9ன்னு போட்டிருந்தாலும் வித்தியாசம் 2 பர்சன்ட் தான் வந்திருக்கும், தப்பு தெரிஞ்சிருக்காது. இரும்பு, ஆர்செனிக், ஃப்ளோரைடு எல்லாம் இதுல சிக்கவே சிக்காது.

எத்தன மாசத்துக்கு ஒரு தடவங்கறதுக்கு ஒரே நம்பர் சொல்றவங்கள நம்பாதீங்க, எது எவ்வளவு வேகமா மாறுமோ அதுக்கு தகுந்த மாதிரி தான். ஆர்செனிக், ஃப்ளோரைடு பாறையோட சொத்து, மெதுவா தான் நகரும், முதல்ல ஒரு தடவ, உறுதிக்கு வேற பருவத்துல இன்னொரு தடவ, அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு முறை போதும். நைட்ரேட், குளோரைடு மண்ணுல ஒட்டாம தண்ணியோடயே ஓடற ஜாதி, சாக்கடையோ உரமோ கடல்தண்ணியோ வருதுன்னா முதல்ல எட்டி பாக்கறது இதுங்க தான், அதனால முதல் வருஷம் மழை முடிஞ்சதும் ஒண்ணு, தண்ணி மட்டம் ரொம்ப கீழ போனப்போ ஒண்ணு, முடிஞ்சா நடுவுல ரெண்டு, அதுக்கப்புறம் வருஷம் ஒரு தடவ அதே மாசத்துல. பாக்டீரியா வருஷம் ஒரு தடவ கட்டாயம், பெருமழை, வெள்ளம், போர்ல ரிப்பேர் வேலைன்னு ஏதாவது நடந்தா கூடுதலா.

நடுவுல கண்டக்டிவிட்டிய நீங்களே மாசா மாசம் அளக்கலாம், பேனா மாதிரி வர்ற சின்ன மீட்டர் போதும். டிடிஎஸ் (மொத்தமா கரைஞ்ச உப்பு) மீட்டர்னு விக்கறதும் கண்டக்டிவிட்டிய தான் அளக்குது, உள்ள ஒரு எண்ணால பெருக்கி காட்டுது, ஒரு கம்பெனி 0.5 வச்சிருப்பான், இன்னொருத்தன் 0.7. உங்க 1180 ஒண்ணுல 590ன்னு காட்டும், இன்னொண்ணுல 826ன்னு காட்டும், தண்ணி மாறல. அதனால ஒரே மீட்டர வச்சுக்கோங்க, 1413ன்னு போட்ட ஸ்டாண்டர்ட் கரைசல்ல அப்பப்போ சரி பாத்துக்கோங்க. இது ஆர்செனிக்கையும் கிருமியையும் பாக்காது, "டிடிஎஸ் கம்மி, அதனால நல்ல தண்ணி"ங்கற முடிவுக்கு மட்டும் போயிடாதீங்க.

ஒரு நோட்டு போடுங்க, அதுல தேதி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினப்புறம் எடுத்தது, எந்த குழாய், கடைசியா மழை எப்போ, லேப் எது, அலகு என்னன்னு எழுதுங்க. முடிஞ்சா மோட்டார் போடறதுக்கு முன்னாடி தண்ணி மட்டத்தையும் அளங்க, கேசிங் விளிம்புல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு எப்பவும் அங்கேர்ந்தே அளக்கணும். மட்டம் இறங்கும்போது மேல் ஊத்து வத்தி கீழ் ஊத்து மட்டும் குடுக்கும், தண்ணியோட குணமே மாறும், மட்டம் தெரியாம இருந்தா ஏன் மாறுச்சுன்னே தெரியாது. லேபையும் அடிக்கடி மாத்தாதீங்க, மாத்தற அன்னிக்கு ஒரே தண்ணிய ரெண்டு பாட்டில்ல பிடிச்சு ரெண்டு பேருக்கும் குடுங்க. ரிப்போர்ட்ல கண்டுபிடிக்கும் அளவுக்கு கீழன்னு வந்தா நோட்டுல பூஜ்யம்னு எழுதாதீங்க, அந்த அளவு என்னவோ அதுக்கு கம்மின்னு எழுதுங்க, லேப் மிஷினே 0.05 மில்லிகிராமுக்கு கீழ பாக்க முடியாததா இருந்தா ஆர்செனிக் "இல்ல"ன்னு வர்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, எல்லையே 0.01 மில்லிகிராம், அதாவது அந்த 10 மைக்ரோகிராம் தான. ரெண்டு மூணு புள்ளிய வச்சு ஏறுது இறங்குதுன்னு பேசாதீங்க, ஏழெட்டு ரீடிங் சேந்தப்புறம் தான் நானே அத போக்குன்னு சொல்ல ஆரம்பிப்பேன்.

உங்க கேஸ்ல நான் உறுதியா சொல்றது, ரெண்டு சாம்பிளும் ஒரே போர் தண்ணி, பிஎச் வித்தியாசம் டேங்க்ல வந்தது. அநேகமான்னு சொல்றது நைட்ரேட் அலகும், முதல் சாம்பிள்ல இரும்பு துருவா வந்ததும். தெரியாமயே இருக்கறது பாக்டீரியா எங்கேர்ந்து வந்துச்சுங்கறது, அதனால போர் வாயில ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணு ஒரே நாள்ல எடுங்க, கிச்சன்ல மட்டும் வந்தா டேங்க கழுவுங்க, ரெண்டுலயும் வந்தா போர் தலைப்பகுதி மூடியிருக்கா, பக்கத்துல செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம்னு பாருங்க. அது வர்ற வரைக்கும் குடிக்கற தண்ணிய கொதிக்க வச்சு குடிங்க. ஆனா வீட்டுல பால் புட்டி குடிக்கற கைக்குழந்தை இருந்தா நைட்ரேட் 40ங்கறது எனக்கு நிம்மதியா இல்ல, எல்லைக்கு கீழ தான், ஆனா மழைக்காலத்துல 50ஐ தாண்டிட்டா யாருக்கும் தெரியாது, கொதிக்க வச்சா நைட்ரேட் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கூட தான் ஆகும், குழந்தைக்கு பால் கலக்க வேற தண்ணி பாத்துக்கோங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. புது சாம்பிளுக்கு இந்த வாரக்கடைசில மெனக்கெடுங்க, ஆனா அந்த 9 எந்த அலகுல போட்டதுன்னு ரெண்டாவது லேபுக்கு ஒரு போன் போட்டு கேட்கறது இன்னிக்கே முடியற வேலை, கேட்டுட்டு இங்க எழுதுங்க.